கோலாலம்பூருக்கு ஒரு வாரம்

கேள்வி: கொச்சியில் விமானம் ஏறி, கோலாலம்பூரில் இருக்கும் மகளைப் பார்த்துவிட்டு ஒரு வாரத்தில் திரும்புகிறோம். பாஸ்போர்ட் காலாவதியாக நான்கு மாதம்தான் பாக்கி. ஆதாரில் பொள்ளாச்சி முகவரி. விசா கிடைக்குமா?
- வாசகி, கொழிஞ்சாம்பாறை

பதில்: விசா கவலையை விடுங்கம்மா. 2023 டிசம்பரில் தொடங்கிய சலுகைப்படி, 30 நாள் வரை நமக்கு மலேசிய விசா வேண்டாம். சிக்கல் அந்த நான்கு மாதத்தில்தான். அங்கே இறங்கும் நாளில் பாஸ்போர்ட்டுக்கு ஆறு மாதமாவது ஆயுள் இருக்கணும். இல்லையென்றால் நெடும்பாசேரியில், அதாவது கொச்சி விமான நிலையத்தில், கவுன்டரிலேயே நிறுத்திவிடுவார்கள்.

முதலில் புதுப்பியுங்கள். 36 பக்கத்துக்கு 1,500 ரூபாய். தட்கல் என்றால் மேலும் 2,000. விண்ணப்பத்தைக் கோவையிலும் கொடுக்கலாம், கொச்சியிலும் கொடுக்கலாம். ஆனால் போலீஸ் விசாரணை வந்தால், நீங்கள் எழுதிய முகவரிக்குத்தான் வரும். பொள்ளாச்சி என்று எழுதிவிட்டுக் கொழிஞ்சாம்பாறையில் இருந்தால், வருகிறவர் பூட்டைப் பார்த்துவிட்டுப் போவார், அவ்வளவுதான். ஆதாரை முதலில் மாற்றுங்கள்.

அப்புறம், போய் இறங்குவதற்கு முந்தைய மூன்று நாளுக்குள் மலேசிய டிஜிட்டல் வருகை அட்டையை இணையத்தில் நிரப்பணும். இலவசம்தான், பணம் கேட்டால் அது அரசுத் தளமே இல்லை. பாஸ்போர்ட்டில் இனிஷியலை விரித்து எழுதியிருந்தால் இதிலும் அப்படியே எழுதுங்கள். மகள் வீட்டு முகவரியையும் கேட்கும், அஞ்சல் குறியீட்டோடு வாங்கி வையுங்கள்.