ஊசி முடியும்வரை குட்டிகளை அறைக்குள்ளேயே வைத்திருக்கலாமா?

கேள்வி: வீட்டில் ஒரு பெண் லேப்ரடார் வைத்துக் குட்டி எடுக்கிறேன். போன ஈத்தில் ஆறு குட்டிகள். பார்வோ (குட்டிகளின் உயிரையே பறிக்கும் வைரஸ் வயிற்றுப்போக்கு) வந்துவிடுமோ என்ற பயத்தில் பின்பக்க அறையில் தனியாக வைத்து, தடுப்பூசி எல்லாம் முடியும்வரை வெளியாட்கள் யாரையும் கிட்டே விடவில்லை. நன்றாகக் கொழுகொழுவென்று வளர்ந்தன, நாலு மாதத்தில் கொடுத்தேன். இரண்டு திரும்பி வந்துவிட்டன. ஒன்று கட்டிலுக்கு அடியை விட்டு வெளியே வருவதில்லை. இன்னொன்று தின்னும்போது தட்டுக்குப் பக்கத்தில் போனால் உறுமுகிறது. லேப் என்றாலே சாது என்றுதானே எல்லோரும் சொல்கிறார்கள்? இப்போது அடுத்த ஈத்து, ஏழு குட்டிகள், இன்றோடு 18 நாள். இந்த முறை என்ன மாற்றிச் செய்ய வேண்டும்?

பதில்: 18 நாளில் கேட்டீர்களே, அதுவே பெரிய விஷயம். பெரும்பாலும் எனக்கு இந்தக் கேள்வி குட்டிக்கு ஐந்து மாதம் ஆன பிறகுதான் வரும்.

உங்கள் கவனத்தில் குறை இல்லை, கணக்கில்தான் பிசகு. தடுப்பூசியை 6 முதல் 8 வாரத்தில் ஆரம்பித்து, 2 முதல் 4 வாரத்துக்கு ஒரு தடவை என்று 16 வாரம் வரைக்கும் போடுகிறோம். ஏன் இத்தனை தடவை என்றால், தாயின் சீம்பாலில் வந்த எதிர்ப்புச் சக்தி உடம்பில் இருக்கும்வரை அது ஊசி மருந்தை வேலை செய்யவிடாது. அது எந்த வாரத்தில் வற்றும் என்பது குட்டிக்குக் குட்டி மாறும், அதனால்தான் திரும்பத் திரும்பப் போட வேண்டியிருக்கிறது. சரி. இன்னொரு பக்கம், இந்த உலகத்தில் எது சாதாரணம், எதைக் கண்டால் ஓட வேண்டும் என்று குட்டி மனதில் பதித்துக்கொள்ளும் காலம் ஏறக்குறைய 3-வது வாரத்தில் தொடங்கி 12, மிஞ்சிப் போனால் 14-வது வாரத்தில் முடிந்துவிடுகிறது. நீங்கள் கதவைத் திறந்தது 16-வது வாரத்தில். அதற்குள் அந்த ஆறு குட்டிகளுக்கும் உலகம் என்றால் நாலு சுவர், ஒரு அம்மா, நீங்கள், அவ்வளவுதான்.

இது நான் புதிதாகச் சொல்வதில்லை. 1961-லேயே அமெரிக்காவில் காக்கர் ஸ்பேனியல், பீகிள் குட்டிகளை உயரமான வேலிக்குள் மனிதர் பழக்கமே இல்லாமல் வளர்த்துப் பார்த்தார்கள். வெவ்வேறு வயதில் ஒரு வாரம் மட்டும் வெளியே எடுத்து மனிதரோடு பழகவிட்டார்கள். சில குட்டிகளை 14 வாரம் வரை தொடவே இல்லை. அப்படி விடப்பட்டவை காட்டு விலங்கு மாதிரி ஆகிவிட்டன, அதற்குப் பிறகு எவ்வளவு மெனக்கெட்டும் மனிதரோடு ஒட்டவில்லை. இரண்டுமே சாதுவான இனங்கள்தான் என்பதைக் கவனியுங்கள். இனம் ஒரு தொடக்கத்தைத் தரும், மீதியை அந்தச் சில வாரங்கள்தான் தருகின்றன.

அப்படியானால் பார்வோ பயம் பொய்யா? பொய்யே இல்லை. அந்தக் கிருமி மண்ணில் மாதக்கணக்கில் உயிரோடு கிடக்கும், செருப்பில் ஒட்டிக்கொண்டு வீட்டுக்குள் வரும். ஆனால் குட்டியை வெளியே கொண்டுபோவது வேறு, வெளியில் இருப்பதைக் குட்டியிடம் கொண்டுவருவது வேறு. நீங்கள் செய்ய வேண்டியது இரண்டாவது. வருகிறவர்கள் வாசலிலேயே செருப்பைக் கழற்றட்டும், கையைச் சோப்பு போட்டுக் கழுவட்டும், நோய்ப்பட்ட நாயைத் தொட்டுவிட்டு வந்தவர் என்றால் அன்றைக்குத் தயவு பார்க்காமல் திருப்பி அனுப்பிவிடுங்கள். தரையை வீட்டு ப்ளீச் ஒரு பங்குக்கு 30 பங்கு தண்ணீர் கலந்து துடையுங்கள். முதலில் அழுக்கைக் கழுவிவிட்டுத்தான் ப்ளீச், பத்து நிமிடம் ஊறட்டும், குட்டிகள் அப்போது வேறு இடத்தில் இருக்கட்டும். மற்ற நாய்கள் நடமாடும் தெருவிலும் பூங்காவிலும் மட்டும் இப்போதைக்குக் கால் வைக்க வேண்டாம். குடற்புழு மருந்து 2, 4, 6, 8 வாரங்களில். உருண்டைப்புழு வயிற்றில் இருக்கும்போதே தாயிடமிருந்து வந்துவிடும், பாலிலும் வரும், ஆகவே ‘சுத்தமாகத்தானே வைத்திருக்கிறேன்’ என்ற கணக்கு இங்கே செல்லாது. இரண்டு வாரத் தவணை விட்டுப்போயிருந்தால் இன்றைக்கே எடை போட்டு மருத்துவரிடம் அளவு கேட்டுக் கொடுத்துவிடுங்கள்.

இனி உங்கள் ஏழு குட்டிகள். முதல் இரண்டு வாரத்துக் கதை முடிந்துவிட்டது, அதைப் பேசிப் பயனில்லை. இப்போது கண் திறந்திருக்கும், காது இப்போதுதான் திறந்துகொண்டிருக்கும், ஆகவே சத்தத்திலிருந்து ஆரம்பியுங்கள். பின்பக்க அறையிலிருந்து குட்டிப் பெட்டியை வீட்டு நடமாட்டம் இருக்கும் இடத்துக்கு, ஒரு ஓரமாக மாற்றுங்கள். இதைவிடப் பெரிய மாற்றம் வேறு எதுவும் கிடையாது என்றே சொல்வேன். மிக்ஸி ஓடும், கதவு சாத்தும், யாரோ சண்டை போடுவார்கள், தொலைக்காட்சி அலறும், நீங்கள் தனியாக எதையும் ஏற்பாடு செய்யாமலே குட்டிகள் பாதிப் பாடம் படித்துவிடும்.

அப்புறம் ஒரு வாரம் கழித்து இதைச் செய்து பாருங்கள். குட்டிகள் முழித்து விளையாடிக்கொண்டிருக்கும்போது, நாலைந்து அடி தள்ளி ஒரு ஸ்டீல் கிண்ணத்தை முழங்கால் உயரத்திலிருந்து கீழே போடுங்கள். ஏழும் திடுக்கிடும், திடுக்கிட வேண்டும். பயந்ததா இல்லையா என்பதை நான் பார்க்கவே மாட்டேன், மீண்டு வருகிறதா என்பதைத்தான் பார்ப்பேன். ஒன்று இரண்டு நொடியில் தலையைச் சாய்த்துப் பார்க்கும், கழுத்தை நீட்டி மோந்துகொண்டே வரும், பின்னங்கால் மட்டும் ‘ஓடிவிடலாமா’ என்று பின்னாலேயே நிற்கும், கடைசியில் கிண்ணத்துக்குள் முகத்தை விட்டு நக்கும். இன்னொன்று மூலையில் போய் ஒட்டிக்கொண்டு ஒரு நிமிடம் ஆனாலும் வராது. அந்த இரண்டாவது குட்டிக்குக் கழுத்தில் ஒரு நூலைக் கட்டி அடையாளம் வையுங்கள். அதற்கு அடுத்த முறை இன்னும் தூரத்தில், இன்னும் மெதுவான சத்தம். தினமும் பத்துத் தடவை கிண்ணத்தைப் போட்டுப் பழக்குகிறேன் என்று கிளம்பிவிடாதீர்கள், அது எதிர்மாறாகப் போய் முடியும்.

அதே வாரத்தில் படுக்கும் இடத்தையும் கழிக்கும் இடத்தையும் பிரித்துவிடுங்கள். மூன்று வாரக் குட்டி தானாகவே படுக்கையை விட்டு நகர்ந்துபோய்க் கழிக்கப் பார்க்கும், இடம் இருந்தால்தானே போகும். படுக்கை ஒரு பக்கம், அதிலிருந்து தள்ளி மரத்தூளோ செய்தித்தாளோ புல்தரையோ இன்னொரு பக்கம். இந்தப் பழக்கத்தோடு போகும் குட்டியை வாங்கினவர் உங்களைத் திட்டவே மாட்டார்.

தரை வழுக்கக் கூடாது. டைல்ஸ் என்றால் ரப்பர் விரிப்பு போடுங்கள். லேப்புக்கு இடுப்பு மூட்டு சரியாகப் பொருந்தாமல் வளரும் கோளாறு பரம்பரையாக வரும் விஷயம்தான், ஆனாலும் வளர்க்கும் விதத்துக்கும் அதில் பங்கு உண்டு. நார்வேயில் பெரிய இன நாய்களை, லேப்ரடாரும் சேர்த்து, வைத்துச் செய்த ஆய்வில், மூன்று மாதத்துக்குள் தினமும் படிக்கட்டு ஏறி இறங்கிய குட்டிகளுக்கு இந்தக் கோளாறு அதிகம் வந்தது, மெத்தென்ற தரையில் சுதந்திரமாக ஓடியவற்றுக்குக் குறைவாக வந்தது. கையோடு இதையும் சொல்லிவிடுகிறேன், எலும்பு பலமாகட்டும் என்று கால்சியம் டானிக் ஊற்றாதீர்கள். பெரிய இனக் குட்டிக்கான தீனியில் தேவையானது இருக்கிறது, அதற்கு மேல் போனால் எலும்பு வளர்ச்சியே கோணலாகும். சினையாக இருக்கும் தாய்க்கும் நீங்களாக அதைக் கொடுக்கக் கூடாது, குட்டி போட்ட பிறகு ரத்தத்தில் கால்சியம் இறங்கி வலிப்பு வருவதற்கு அதுவே வழி செய்துவிடும். இப்போது பாலூட்டும் தாய் உடம்பு நடுங்கி, மூச்சிரைத்து, கால் விறைத்தால் காலையில் பார்க்கலாம் என்று விடாமல் உடனே தூக்கிக்கொண்டு ஓடுங்கள்.

ஐந்திலிருந்து எட்டாவது வாரம் வரை ஆட்கள். நீங்கள் ஒரே ஆள் ஆயிரம் தடவை தூக்கினாலும் குட்டி ஒரே ஒரு மனிதரைத்தான் கற்றுக்கொள்ளும். தாடி வைத்தவர், தொப்பி, ஹெல்மெட், குடை, ஊன்றுகோலோடு நடக்கும் பெரியவர், சத்தம் போடும் சிறுவர்கள் (தரையில் உட்கார வைத்து, நீங்கள் பக்கத்தில் இருந்து) என்று ஆள் மாற வேண்டும். வந்தவர் குட்டியைத் துரத்திப் பிடிக்கக் கூடாது, சும்மா உட்காரட்டும், குட்டி தானாக வரட்டும். அதோடு ஒவ்வொரு குட்டியையும் தினமும் ஐந்து நிமிடமாவது கூட்டத்திலிருந்து பிரித்து, வேறு அறையில் உங்களோடு மட்டும் வைத்திருங்கள். நான் இதைச் செய்யாமல் ஒரு ஈத்து முழுக்க வளர்த்தேன். ஏழும் சேர்ந்திருக்கும்போது சிங்கக்குட்டிகள், தனியாக ஒரு வீட்டுக்குப் போன முதல் இரவே ஒன்று விடியவிடியக் கத்தி வாந்தி எடுத்துவிட்டது. தைரியமான குட்டி என்று நான் வாங்கினவரிடம் பெருமையாகச் சொல்லிக் கொடுத்தது அதைத்தான். அந்தத் தைரியம் கூட்டத்துடையது.

தட்டுக்குப் பக்கத்தில் உறுமுவதற்கு வருகிறேன். போன ஈத்துக்கு ஒரே தட்டில் வைத்தீர்களா என்று நீங்கள் எழுதவில்லை, ஆனால் அப்படித்தான் இருந்திருக்கும் என்று ஊகிக்கிறேன். லேப் வயிற்றுக்குப் பிறந்த நாய், இது கேலி இல்லை. லேப்களில் ஏறக்குறைய நாலில் ஒன்றுக்குப் பசி அடங்குவதைச் சொல்லும் மரபணு ஒன்றில் குறை இருக்கிறது என்று 2016-ல் கேம்பிரிட்ஜ் ஆராய்ச்சியாளர்கள் கண்டார்கள். அப்படிப்பட்டவற்றை ஒரே தட்டில் முட்டிமோத விட்டால், பக்கத்தில் வருகிறவன் பறிக்கத்தான் வருகிறான் என்று ஏதாவது ஒன்று கற்றுக்கொள்ளும். ஆகவே திட உணவு ஆரம்பித்ததும் ஏழு கிண்ணம், தள்ளித் தள்ளி. தின்னும்போது நீங்கள் அருகில் போனால் ஒரு துண்டு நல்ல தீனியைக் கிண்ணத்தில் போட்டுவிட்டுப் போய்விடுங்கள். கையை விட்டுத் துழாவுவது, கிண்ணத்தைப் பிடுங்கித் திருப்பிக் கொடுப்பது, இதெல்லாம் பழக்குவது இல்லை, சீண்டுவது.

தாயைப் பற்றி நீங்கள் ஒரு வரிகூட எழுதவில்லை. வெளியாட்கள் வந்தால் அது எப்படி? குட்டி போட்ட முதல் வாரம் உறுமினால் அது இயல்பு. எப்போதுமே மிரளும், பதுங்கும், பல்லைக் காட்டும் என்றால், இந்த ஈத்தோடு அதனிடம் குட்டி எடுப்பதை நிறுத்திவிடுங்கள். பயந்த சுபாவம் ரத்தத்திலும் போகும், அம்மா வாசலைப் பார்த்துக் குரைப்பதைப் பார்த்தும் குட்டிக்கு ஒட்டும். ஆட்கள் வரும்போது அதை நடக்கக் கூட்டிப்போங்கள். நல்ல தாயாக இருந்தாலும் அது ஏறி உட்கார, குட்டிகளுக்கு எட்டாத உயரத்தில் ஒரு மேடை வேண்டும். 2017-ல் பார்வையற்றோருக்கான வழிகாட்டி நாய்களை வைத்து வந்த ஆய்வில், விழுந்து விழுந்து கவனித்த தாயின் குட்டிகள்தான் பிற்காலத்தில் பயிற்சியில் அதிகம் தோற்றன. நின்றுகொண்டே பால் கொடுத்து, குட்டிகளை எட்டிப் பிடித்துக் குடிக்க வைத்த தாய்களின் குட்டிகள் தேறின.

குட்டியை எட்டு வாரத்தில் கொடுங்கள். அதற்கு முன் வேண்டாம், கூடப் பிறந்ததைக் கடித்து, அது கத்தி, விளையாட்டு நின்றுபோய், அப்படித்தான் பல்லை எவ்வளவு அழுத்தலாம் என்று கற்றுக்கொள்கின்றன. நாலு மாதம் வரை நீங்களே வைத்துக்கொள்வதும் வேண்டாம், மிச்சமிருக்கும் நாலைந்து வாரம் புது வீட்டுக்குச் சொந்தம். முதல் ஊசி போட்டு ஒரு வாரம் ஆகியிருக்க வேண்டும், அட்டையைக் கையில் கொடுத்து மீதி ஊசிகளின் தேதியைச் சொல்லி அனுப்புங்கள். ஒரே வீட்டுக்கு இரண்டு குட்டி கேட்டால் நான் கொடுப்பதில்லை, ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு வீட்டு மனிதரைக் கண்டுகொள்ளாமல் போகும் தொல்லையைப் பார்த்திருக்கிறேன்.

திரும்பி வந்த இரண்டும். கட்டிலடியில் இருப்பதை இழுத்து வெளியே போடாதீர்கள். முதுகைக் காட்டித் தரையில் உட்கார்ந்து, பார்க்காமலே தீனியைப் பின்னால் உருட்டிவிடுங்கள், நாளுக்கு ஒரு சாண் வெளியே வந்தால் போதும். ஓரளவு தேறும், வீட்டில் உங்களோடு நிம்மதியாக இருக்கும், ஆனால் கூட்டத்தில் ஓடி விளையாடும் நாயாகும் என்று உங்களுக்கு ஆசை காட்ட மாட்டேன். உறுமுவதை அடிக்கவே கூடாது. உறுமல் என்பது எச்சரிக்கை, அதை அடித்து நிறுத்தினால் அடுத்த தடவை சொல்லாமல் கடிக்கும். முதலில் பல், காது, வயிறு எங்காவது வலி இருக்கிறதா என்று மருத்துவரிடம் காட்டுங்கள், அதுவரை தனி அறையில் தீனி வையுங்கள், சிறுவர்கள் அந்தப் பக்கம் போக வேண்டாம். இரண்டுக்கும் கருத்தடை செய்துவிடுங்கள்.