படத்துக்கு விருது, எடுத்தவளுக்கு?

போன சனிக்கிழமை கல்லடியில் படம் போட்டு முடிந்து கதிரைகளை அடுக்கும்போது தொடங்கிய கதை இது: விருதுப் பரிந்துரைகளில் பெண் இயக்குநர்களின் பெயர் ஏன் இவ்வளவு அரிதாக வருகிறது? பாலத்தடி வரை பேசிக்கொண்டு போயும் முடியவில்லை. மிச்சத்தை எழுதி அனுப்புங்கள் என்றேன், அனுப்பிவிட்டீர்கள். உயர்தர வகுப்புக்கு நாடகமும் அரங்கியலும் படிப்பிக்கிற எனக்கு இந்தப் பட்டியல்களைத் துருவுவது பழைய பழக்கம்.

கல்முனை, மாணவி: ரீச்சர், ஒஸ்காரில் சிறந்த இயக்குநருக்கு இதுவரை எத்தனை பெண்கள் பரிந்துரை பெற்றிருக்கினம்?

2025 வரை 97 விழாக்கள் நடந்திருக்கின்றன. பெண்கள் ஒன்பது பேர். முதலாமவர் இத்தாலியின் லீனா வெர்ட்முல்லர், 1977இல். முதல் விழா 1929இல் நடந்தது. நடுவிலே 48 வருசம், ஒரு பெண் பெயரும் இல்லை. அதற்குப் பிறகும் 17 வருசம் காத்திருந்துதான் 1994இல் நியூசிலாந்தின் ஜேன் கெம்பியன் வந்தார். பிறகு சோபியா கொப்போலா (2004), கத்ரின் பிகலோ (2010), கிரெட்டா கெர்விக் (2018). 2021இல் ஒரே வருசம் இருவர்: குளோயி ஜாவோ, எமரல்ட் பெனெல். 2022இல் கெம்பியன் இரண்டாம் முறை. 2024இல் ஜஸ்டின் த்ரியே, 2025இல் கோரலி பார்ஜா. வென்றவர்கள் பிகலோ, ஜாவோ, கெம்பியன் மூவர்தான்.

ஏறாவூர், ஒரு சகோதரர்: மிஸ், கோவிக்க வேணாம். பெண்கள் படம் எடுக்கிறதே குறைவு. எடுக்கிறது குறைஞ்சா பட்டியல்லயும் குறையும்தானே. இதுல அநியாயம் எங்க இருக்கு?

கோபமில்லை தம்பி, பாதி சரி. மற்றப் பாதியைச் சொல்கிறேன்.

எடுத்தவர்கள் இருந்தார்கள். 1930களிலேயே டொரதி ஆர்ஸ்னர் ஹொலிவூட்டின் பெரிய ஸ்டூடியோக்களில் படம் இயக்கிக்கொண்டிருந்தார். ஒருமுறைகூட அவர் பெயர் பட்டியலுக்கு வரவில்லை. பார்பரா ஸ்ட்ரைசன்ட் 1984இல் கோல்டன் குளோப் விருதை இயக்குநராக வென்றார். அதே வருசம் ஒஸ்காரில் பரிந்துரைகூட இல்லை. கோல்டன் குளோபிலும் அடுத்த பெண் வெல்ல 2021 ஆனது, ஜாவோ.

எனக்கு நெஞ்சில் குத்துவது இன்னொன்று. ஒஸ்காரில் படம் 'சிறந்த படம்' பட்டியலில் இருக்கும், அதை எடுத்தவளின் பெயர் 'சிறந்த இயக்குநர்' பட்டியலில் இராது. 1987இல் ராண்டா ஹெய்ன்ஸ், 1991இல் பென்னி மார்ஷல், 2015இல் 'செல்மா' எடுத்த ஏவா டுவர்னே, 2024இல் 'பார்பி' எடுத்த கிரெட்டா கெர்விக். ஆண்களுக்கும் இது நடப்பதுண்டு. இப்போது படத்துக்குப் பத்து இடம், இயக்குநருக்கு ஐந்துதான், எப்படியும் சிலர் விடுபடுவார்கள். ஆனால் பெண்களுக்கு மொத்தமே விரல்விட்டு எண்ணக்கூடிய வாய்ப்பு. அதிலிருந்து இத்தனை கழிந்தால் மிஞ்சுவது என்ன?

எப்படி நடக்கிறது என்றால், படத்துக்கான பரிந்துரைக்கு ஒஸ்கார் வழங்கும் அக்கடமியின் எல்லா உறுப்பினர்களும் வாக்குப் போடலாம். இயக்குநருக்கான பரிந்துரையை இயக்குநர் பிரிவு உறுப்பினர்கள் மட்டுமே போடுவார்கள். அந்தப் பிரிவில் காலங்காலமாக ஆண்கள்தான் நிறைந்திருந்தார்கள். தங்களைப் போல வேலை செய்கிறவனை அவர்களுக்கு இலேசாக ஞாபகம் வரும். கெட்ட எண்ணம் தேவையில்லை, ஞாபகம் போதும். 2016இல் பெண் உறுப்பினர் தொகையை 2020க்குள் இரட்டிப்பாக்குவதாக அக்கடமி அறிவித்தது. மேலே சொன்ன ஒன்பது பேரில் ஐந்து பேர் 2018இலும் அதற்குப் பிறகும் முதல்முறை வந்தவர்கள். இது மட்டும்தான் காரணம் என்று சொல்லமாட்டேன், ஆனால் வாக்குப் போடுகிறவர்கள் மாறினால் பட்டியல் அசையும் என்பதை நான் நம்புகிறேன்.

அக்கரைப்பற்று: தமிழ்ப் படங்களில இப்பிடி நடந்திருக்கா?

சுதா கொங்கரா எடுத்த 'சூரரைப் போற்று'. 2022இல் அறிவித்த இந்திய தேசிய விருதுகளில் சிறந்த படம் அதுதான். நடிகர் (இன்னொருவருடன் பகிர்ந்து), நடிகை, திரைக்கதை, பின்னணி இசை எல்லாம் அதற்கு வந்தன. சிறந்த இயக்குநர் விருது மட்டும் 'அய்யப்பனும் கோஷியும்' எடுத்த சச்சிக்குப் போனது. சச்சி அருமையான கலைஞர், 2020இலேயே காலமாகிவிட்டார். அவருக்குக் கொடுத்தது பிழை என்று நான் சொல்ல வரவில்லை. திரைக்கதை விருதில் சுதா கொங்கராவுக்குப் பங்கும் இருந்தது. ஆனாலும் அந்தப் பட்டியலை வாசித்த அன்று, இவ்வளவையும் ஒன்றாகக் கட்டி இழுத்தவள் யார் என்று கேட்காமல் இருக்க முடியவில்லை.

காத்தான்குடி: நடிகர், நடிகை எண்டு பிரிச்ச மாதிரி 'சிறந்த பெண் இயக்குநர்' எண்டு ஒரு விருது வச்சா என்ன மிஸ்?

எனக்கு விருப்பமில்லை. பக்கத்தில் சின்னப் பந்தி போட்டு இருத்திவிட்டால், பெரிய பந்தியில் இடம் கேட்கிற உரிமை போய்விடும்.

பிரிட்டனின் பாஃப்டா திரைப்பட விருதுக்காரர் செய்தது யோசிக்கத்தக்கது. 2020இல் அங்கே இயக்குநர் பட்டியல் முழுக்க ஆண்கள். கண்டனம் எழுந்தபின் விதிகளை மாற்றி, முதல்கட்ட நீண்ட பட்டியலில் ஆணும் பெண்ணும் சரிபாதி என்று வைத்தார்கள். இறுதித் தெரிவு திறந்தபடியே இருந்தது. 2021இல் ஆறு பேரில் நால்வர் பெண்கள். அந்த நால்வரும் திடீரென்று முளைத்தவர்களா? படங்களை உட்கார்ந்து பார்க்க வைத்தார்கள், அவ்வளவுதான். ஆனால் 2023, 2024, 2025 மூன்று வருசமும் இறுதியில் ஒவ்வொரு பெண்தான். விதி வாசல்வரை கொண்டுவந்து விடும், உள்ளே போடுகிற வாக்கு தனி.

மட்டக்களப்பு நகரம்: இலங்கையில் முதல் பெண் இயக்குநர் யார்? தமிழில் யார்?

இலங்கையில் முதலாமவர் என்று பெரும்பாலும் சொல்லப்படுபவர் சுமித்ரா பீரிஸ். 'கெஹெனு லமாய்' 1978இல் வந்தது. அதற்கு முதல் படத்தொகுப்பாளராகப் பெயர் எடுத்தவர். 2023இல் காலமானார். தமிழில் டி.பி.ராஜலட்சுமி, 'மிஸ் கமலா', 1936. முதல் தமிழ் பேசும் படமான 'காளிதாஸ்' கதாநாயகியும் அவர்தான்.

வவுணதீவு, கூத்துக் கலைஞர்: ரீச்சர், விருது கிடைச்சாத்தான் கலையா? எங்கட அண்ணாவிமாருக்கு யார் விருது குடுத்தது?

ஐயா, நீங்கள் கேட்டது நியாயம். ஆனால் அண்ணாவியார் என்ற பெயரே ஒரு விருது. சட்டம் கொடுக்கிற நாள், அதாவது நடிப்பவர்களுக்குப் பாடத்தைக் கொடுக்கிற நாள் தொடங்கி அரங்கேற்றம் வரை எந்தக் கூத்தருக்கு என்ன தாளம் என்று தீர்மானிப்பவர் அவர் என்று ஊருக்கே தெரியும். நான் சின்னதில் கூத்தாடுகிற களரியைச் சுற்றி இருந்து பார்த்த கூத்துகளில் பெண் வேசம்கூட ஆண்கள்தான் கட்டினார்கள். பெண்பிள்ளை வீட்டில் தருப் பாட்டு முழுவதையும் மனப்பாடமாகப் பாடுவாள், மத்தளத்துக்குப் பக்கத்தில் நிற்கமாட்டாள். சினிமாவில் விருது செய்வது அந்த நிற்கிற இடத்தைக் கொடுப்பது. பரிந்துரை வந்தால் அடுத்த படத்துக்குக் காசு கேட்கலாம். 2024இல் கான் திரைப்பட விழாவில் இரண்டாம் பெரிய பரிசான கிராண்ட் பிரி இந்திய இயக்குநர் பாயல் கபாடியாவுக்குக் கிடைத்தது; அதன்பிறகுதான் எங்கள் பக்கத்திலும் பலர் அவர் பெயரைத் தேடினார்கள். கானின் முதற்பரிசான தங்கப் பனை விருதை 2025 வரை வென்ற பெண் இயக்குநர்கள் மூவர்தான்: கெம்பியன் 1993, ஜூலியா டுகூர்னோ 2021, த்ரியே 2023.

வாழைச்சேனை, உயர்தர மாணவி: மிஸ், நான் போனில ஒரு குறும்படம் எடுத்தன். அண்ணாதான் எடிட் பண்ணித் தந்தவர். போட்டிக்கு அனுப்பேக்க ஆரை இயக்குநர் எண்டு போடுறது? அண்ணாட பேரைப் போடு எண்டு வீட்ட சொல்லினம்.

மகள், உங்கள் கேள்வியை வாசித்துவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா இருந்தேன்.

சில வருசத்துக்கு முதல் ஒரு குறும்படப் போட்டிக்கு நடுவராகப் போனேன். ஒரு படம், விடியப்புறம் வாவியில் இறால் பிடிக்கிற ஒரு தாய். கமரா அவ முகத்துக்குப் போகவேயில்லை. தண்ணிக்குள் தடவுகிற கை, இடுப்பில் கட்டின பறி, பறி நிறைய நிறைய அவ சாய்ந்து நடக்கிற நடை. அவ்வளவுதான் ஆறு நிமிசமும். நாங்கள் ஒரே மனதாக இயக்குநர் பரிசை அதற்குப் போட்டோம். மேடைக்கு ஒரு பொடியன் வந்தான். பிறகு தேத்தண்ணி குடிக்கும்போது அவனே சொன்னான்: "தங்கச்சிதான் எடுத்தவ மிஸ். நான் டோர்ச் பிடிச்சன். பொம்பிளைப் பிள்ளை மேடையில ஏற வேணாமெண்டு அப்பா என்ர பேரை எழுதச் சொன்னவர்." ஏற்பாட்டாளர்களிடம் போய்ச் சொன்னேன். படிவத்தில் உள்ளதை மாற்ற முடியாது என்றார்கள். அந்த முடிவுத் தாளில் என்னுடைய கையெழுத்தும் இருக்கிறது.

கமராவை எங்கே வைப்பது என்று சொன்னது யார்? இன்னொருக்கா எடுப்போம் என்றது யார்? இது போதும், வெட்டு என்றது யார்? அது நீங்களென்றால் இயக்கம் உங்கள் பெயர், படத்தொகுப்பு அண்ணாவின் பெயர். அவருக்கும் அது மரியாதைதான். வீட்டில் மறுத்தால் அப்பாவை ஒரு சனிக்கிழமை படம் பார்க்கக் கூட்டிவாருங்கள், நான் கதைக்கிறேன். படிவத்தை மட்டும் வேறு ஒருவரிடமும் கொடுக்காமல் நீங்களே உங்கள் கையால் நிரப்புங்கள்.