சாவி கொடுக்காமல் விட்டிருந்தால்?

தங்கச்சிக்கு,

போன சனிக்கிழமை தோட்டத்தில் ஒரு நாள் பேரை, அதாவது அன்றைய சம்பளத்தை, விட்டுவிட்டு மகளையும் கூட்டிக்கொண்டு ஹட்டனுக்கு வந்தீர்கள். பாதிப் பேச்சிலேயே பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. மீதியை எழுதுகிறேன். மகளையே வாசித்துக் காட்டச் சொல்லுங்கள்.

நீங்கள் கேட்டது இது: வலிப்பு உள்ள பிள்ளை உயர்தரத்தில் உயிரியல் எடுத்து, கண்விழித்துப் படித்து, வருத்தத்தைக் கூட்டிக்கொள்ள வேண்டுமா? கலைப்பிரிவு எடுத்து, பத்தனை ஸ்ரீபாத கல்வியியல் கல்லூரிக்குப் போய் டீச்சரானால் போதாதா? மகள் கேட்டது வேறு. "வலிப்பு ஏன் வருதுன்னு கண்டுபிடிக்கிறவங்க என்ன படிச்சிருப்பாங்க சேர்?"

பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். உயிரியல் எடுக்கட்டும்.

அவளுடைய விஞ்ஞானப் பெறுபேற்றைப் பார்த்து இதைச் சொல்லவில்லை. நீங்கள் போன் பேச வெளியே போயிருந்தபோது, என் பழைய கதை ஒன்றை அவளிடம் சொன்னேன். தோட்டப் பாடசாலையில் படிப்பித்த காலத்தில், காலைக் கூட்டத்தில் ஒரு பையன் வலிப்பு வந்து விழுந்தான். நான் ஓடிப்போய் அலுமாரிச் சாவிக்கொத்தை எடுத்து அவன் கையில் திணித்தேன். இரண்டு நிமிடத்தில் நின்றுவிட்டது. விஞ்ஞான வாத்தியார் நான், வருடக்கணக்காக அந்தச் சாவியை நம்பினேன்! சிரித்துக்கொண்டேதான் சொன்னேன். அவள் சிரிக்கவில்லை. "சாவி கொடுக்காம விட்டிருந்தாலும் நின்னிருக்குமா சேர்?" என்று கேட்டாள்.

நின்றிருக்கும். பெரும்பாலான வலிப்புகள் ஓரிரு நிமிடத்தில் தாமாகவே அடங்கிவிடும்; பேர் வாங்குவது சாவி. (லயத்தில் எல்லோருக்கும் சொல்லி வையுங்கள்: இரும்பு வேண்டாம், வாய்க்குள் எதையும் வைக்க வேண்டாம். ஒருபக்கமாகச் சரித்துப் படுக்க வைத்து, தலைக்கு அடியில் துணி வைத்து, மணிக்கூட்டைப் பாருங்கள். ஐந்து நிமிடம் தாண்டினால் ஆஸ்பத்திரி.)

வலிப்புக்கான பெரிய மருந்து ஒன்று இதே மாதிரிக் கேள்வியால்தான் கிடைத்தது. 1960களின் தொடக்கத்தில் பிரான்சின் கிரனோபிள் நகரில் சில புதிய பொருட்களைச் சோதித்தார்கள். அவை தண்ணீரில் கரையாததால், வால்ப்ரோயிக் அமிலம் என்ற திரவத்தில் கரைத்துக் கொடுத்தார்கள். எதைக் கரைத்துக் கொடுத்தாலும் ஆய்வு விலங்குகளுக்கு வலிப்பு நின்றது. அப்படியானால் வேலை செய்வது கரைந்த பொருளா, கரைத்த திரவமா? திரவத்தை மட்டும் கொடுத்துப் பார்த்தார்கள். நின்றது. அதுவரை வெறும் கரைப்பானாக இருந்த அதுதான் இன்று உலகம் முழுக்கக் கொடுக்கப்படும் வால்ப்ரோயேட். உங்கள் மகள் கேட்டதும் அந்தக் கேள்விதானே? அதைச் சொல்லிக்கொடுத்து வரவழைப்பது கஷ்டம். முப்பது வருடம் முயன்றவன் சொல்கிறேன்.

இன்னும் கண்டுபிடிக்க என்ன இருக்கிறது என்று கேட்பீர்கள். உலகத்தில் ஏறக்குறைய 5 கோடிப் பேருக்கு வலிப்பு நோய் இருக்கிறது. பாதிப் பேருக்குக் காரணமே தெரியாது. ஒழுங்காக மருந்து எடுத்தால் நூற்றில் 70 பேர் வரை வலிப்பில்லாமல் இருக்கலாம். மற்றவர்களுக்கு மாத்திரை சரிவரக் கேட்பதில்லை. காரணம் தெரிந்தால் வைத்தியமே மாறும். கைக்குழந்தைகளுக்கு வரும் ட்ராவே என்ற கடுமையான வலிப்பு நோய்க்கு ஒரு மரபணுக் கோளாறு காரணம் என்று 2001இல் பெல்ஜிய ஆய்வாளர்கள் கண்டார்கள். நரம்புக் கலத்துக்குள் சோடியம் போகும் வாசல் அதில் பழுதாகிவிடுகிறது. வழக்கமாகக் கொடுக்கும் கார்பமசெபின் அதே வாசலை அடைக்கும் மருந்து. அந்தக் குழந்தைகளுக்கு அது வருத்தத்தைக் கூட்டிவிடும். கண்டுபிடித்தது ஒரு மரபணு. மாறியது கையில் கொடுக்கிற மாத்திரை.

சரி, வழிக்கு வருவோம். நம் ஊரில் உயிரியல் என்றால் டொக்டர், இல்லாவிட்டால் தோல்வி என்று நினைக்கிறார்கள். எனக்கு ஆகவே ஆகாத பேச்சு இது. மருத்துவ பீடம் கிடைத்தால் நல்லது, பின்னர் நரம்பியலுக்குப் போகலாம். கிடைக்காவிட்டால் பேராதனையில் விஞ்ஞான பீடம் இருக்கிறது, நான்கு வருட விசேட பட்டம். அதே வளாகத்தின் இணை சுகாதார விஞ்ஞான பீடத்தில் மருந்தகவியல், ஆய்வுகூட விஞ்ஞானம், கதிர்ப்படவியல் படிக்கலாம். கண்டியில் ஈ.ஈ.ஜி. (மூளையின் மின்னலைகளைக் கோடுகளாகப் பதியும் சோதனை) எடுத்தபோது தலைமுடியில் பூசிய பசை இரண்டு நாளாகப் போகவில்லை என்றாளே, அந்தக் கோடுகளைப் பதிவு செய்கிறவரின் வேலையும் சுகாதார சேவையில் ஒரு தனி உத்தியோகம். கணிதத்தில் கெட்டிக்காரி என்றால் அந்தக் கோடுகளைக் கணினியில் வைத்துப் படிக்கிற பொறியியலாளராகவும் ஆகலாம். ஆனால் அதற்குக் கணிதப் பிரிவு எடுக்க வேண்டும். இப்போதே கேட்டு முடிவெடுங்கள்.

மறைக்காமல் ஒன்று சொல்கிறேன். ஆராய்ச்சி நீளமான பாதை. பட்டத்துக்கு மேலும் பல வருடம் படிக்க வேண்டும், சம்பளம் தாமதமாக வரும், வெளிநாட்டுப் புலமைப்பரிசில் தேடவும் வேண்டிவரலாம். அரச பல்கலைக்கழகத்தில் படிப்புக்குக் கட்டணம் இல்லை, மகாபொல புலமைப்பரிசில் உதவியும் உண்டு. நுவரெலியாவுக்குப் பின்தங்கிய மாவட்ட ஒதுக்கீடும் இருக்கிறது. பல்கலைக்கழகத்துக்கு எடுக்கப் பார்க்கும் இசட் புள்ளியைக் கொழும்போடு ஒப்பிட்டுப் பயப்பட வேண்டாம். பயப்பட வேண்டியது இரசாயனவியலுக்கு. பிள்ளைகள் அதில்தான் விழுகிறார்கள். அப்புறம் ஆங்கிலம்: பல்கலைக்கழகத்தில் விஞ்ஞானம் முழுக்க ஆங்கிலத்தில். இன்றைக்கே தொடங்கட்டும்.

கண்விழிப்பைப் பற்றி நீங்கள் பயந்தது சரிதான். தூக்கம் கெட்டால் வலிப்பு வரலாம். அதனால் இரவு பத்து மணிக்குப் படுக்கை, விடிய எழும்பிப் படிப்பு. ஊரே ராத்திரி வகுப்புக்குப் போனாலும் இவள் போக வேண்டாம். மூன்றாம் தவணைப் பரீட்சையைவிட ஒரு மாத்திரை தவறாதது முக்கியம். மாமியார் கோயிலில் கயிறு கட்டியதை நான் குறை சொல்லமாட்டேன், மாத்திரையை நிறுத்தச் சொல்லாதவரை. வலிப்பு கட்டுக்குள் இருந்தால் ஆய்வுகூடத்தில் வேலை செய்யத் தடையில்லை. கூட வேலை செய்கிறவர்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும், அவ்வளவுதான். மறைக்கப் பழக்காதீர்கள். வகுப்பாசிரியரிடமும் சொல்லிவிடுங்கள்.

இன்னொன்று, பெண்பிள்ளை என்பதால். மகள் குடிப்பதும் வால்ப்ரோயேட் என்றால், அடுத்த கிளினிக்கில் டொக்டரிடம் கேளுங்கள். கர்ப்ப காலத்தில் அது குழந்தையைப் பாதிக்கலாம் என்பதால், இளம் பெண்களுக்கு வேறு மருந்து பொருந்துமா என்று பார்ப்பார்கள். நீங்களாக நிறுத்தினால் ஆபத்து, கேட்பதில் ஒன்றுமில்லை.

அதுவரைக்கும் அவளுக்கு ஒரு வேலை கொடுத்திருக்கிறேன். நாற்பது பக்கக் கொப்பி ஒன்றில் கோடு போட்டு, வலிப்பு வந்த திகதி, நேரம், முதல்நாள் தூங்கிய மணித்தியாலம், மாத்திரை தவறியதா என்று எழுத வேண்டும். வராத நாட்களையும் எழுதச் சொன்னேன். "வராத நாள எதுக்கு எழுதணும்?" என்று கேட்டுவிட்டு, வாசல்வரை போனவள் திரும்பி வந்து, "விளங்கிருச்சு சேர்" என்றாள். அடுத்த முறை வரும்போது கொப்பியையும் கொண்டுவரச் சொல்லுங்கள்.