மரமா, பாலிமரா? வாசகர் கேள்விகள்

கேள்வி: 9 மி.மீ. தோட்டா வெடிக்கும்போது அழுத்தம் காற்றழுத்தத்தைப் போல 2,000 மடங்கைத் தாண்டுமாமே? கைத்துப்பாக்கியின் பிளாஸ்டிக் உடல் அதை எப்படித் தாங்குகிறது?

பதில்: தாங்குவதில்லை, தாங்க வேண்டிய வேலையும் அதற்கில்லை. உச்ச வரம்பு சுமார் 2,350 பார் (ஒரு பார் என்பது ஏறக்குறைய ஒரு காற்றழுத்தம்). அதைச் சுமப்பது எஃகுக் குழல். பின்னால் அடைத்து நிற்பது, மேலே முன்னும் பின்னும் ஓடும் எஃகு ஸ்லைடு. நீங்கள் சொல்லும் பிளாஸ்டிக் உடலான பாலிமர் பிரேம் இவற்றைப் பிடித்துக்கொண்டு, விசைப் பாகங்களுக்கும் தோட்டாக்களை அடுக்கும் மேகசினுக்கும் இடம் கொடுக்கிறது, அவ்வளவே. 1982இல் ஆஸ்திரிய ராணுவம் ஏற்றுக்கொண்ட க்ளாக் 17 கைத்துப்பாக்கியின் ஸ்லைடைக் கழற்றிப் பாருங்கள். நான்கு சிறு எஃகு நாக்குகள் பிரேமில் பதிந்திருக்கும். ஸ்லைடு ஓடுவது அவற்றின் மேல்தான்.

முதல் பாலிமர் கைத்துப்பாக்கி க்ளாக் என்று பலரும் எழுதுகிறார்கள். அந்தப் பெருமை 1970இல் வந்த ஹெக்லர் அண்டு கோக் விபி70-க்கு உரியது. நைலான் கட்டையோடு (குழலைத் தாங்கி, தோளில் ஊன்றும் பாகம்) ரெமிங்டன் நைலான் 66 ரைபிள் 1959லேயே விற்பனைக்கு வந்துவிட்டது.

கேள்வி: அப்படியானால் பாலிமர் துப்பாக்கி எக்ஸ்ரேயில் தெரியாது என்பது?

பதில்: கட்டுக்கதை. எடையில் பெரும்பங்கு எஃகுதான்.

கேள்வி: மழைக்காலம் வந்தால் என் மரக்கட்டை ரைபிளின் குறி ஒரு பக்கமாக விலகுகிறது. குழல் கெட்டுவிட்டதா?

பதில்: குழலைச் சந்தேகிக்கும் முன் கட்டையைப் பாருங்கள். மரம் ஈரத்தை இழுத்தால் நீளவாக்கில் அதிகம் மாறாது, குறுக்குவாக்கில் உப்பும். முன்கட்டை குழலை ஒரு பக்கமாக நெருக்கும்; சுடும்போது குழல் அதிரும் விதமே மாறிவிடும். வியட்நாமின் ஈரத்தில் அமெரிக்க ராணுவத்தின் எம்14 ரைபிளின் மரக்கட்டைகள் இப்படித்தான் படுத்தின. பிறகு கண்ணாடியிழைக் கட்டைகள் வந்தன.

தோட்டா இல்லை என்று உறுதிசெய்துகொண்டு, ஒரு தாளைக் குழலுக்கும் கட்டைக்கும் நடுவே நுழைத்துப் பின்னோக்கி இழுங்கள். சிக்கும் இடத்தைப் பென்சிலால் குறித்து, உருளைக் கம்பில் சுற்றிய உப்புத்தாளால் ஒன்றரை மி.மீ. இடைவெளி வரும்வரை தேயுங்கள். ஒரு எச்சரிக்கை: சில ரைபிள்களில் முன்கட்டை நுனி குழலை வேண்டுமென்றே தாங்கும். அதைத் தேய்த்தால் குறி இன்னும் கெடும். கையேட்டைப் பார்த்துவிட்டுத் தொடங்குங்கள்.

தேய்த்த மரத்தைப் பச்சையாக விட்டால் அடுத்த மழைக்கு அதே கதைதான். வெளிப்புறம் கண்ணாடிபோல் மின்னும், குழல் பள்ளமும் தோள்பட்டை ரப்பருக்கு அடியிலுள்ள வெட்டுமுகமும் பூச்சே காணாமல் கிடக்கும். ஈரம் நுழைவது அங்கேதான். காய்ச்சிய ஆளிவிதை எண்ணெயை மெல்லியதாக மூன்று நான்கு முறை, ஒவ்வொன்றும் நன்றாகக் காய்ந்தபின் பூசுங்கள். துடைத்த துணியைச் சுருட்டிப் போடாதீர்கள். அது தானே சூடேறித் தீப்பிடிக்கும், விரித்து உலர்த்துங்கள்.

கேள்வி: பாலிமர் கட்டைக்கு மாறினால் இந்தத் தொல்லை தீருமா?

பதில்: ஈரத்தொல்லை பெரும்பாலும் தீரும், வேறொன்று வரும். மலிவான வார்ப்புக் கட்டைகளின் முன்பகுதி மெலிந்தது. இருகால் தாங்கியை மாட்டி அழுத்தினால் வளைந்து குழலைத் தொடும், குறி விலகும். வாங்கும் முன் முன்கட்டையையும் குழலையும் சேர்த்துக் கையால் இறுக்கிப் பாருங்கள். இடைவெளி மூடினால் வேண்டாம். மரம் பிளந்தால் பசையிட்டு ஆணி பதித்து ஒட்டலாம்; நைலானில் பசை சரியாகப் பிடிக்காது.

கேள்வி: கட்டையின் கழுத்துப் பகுதி (விசைக்குப் பின்னால் கை பிடிக்கும் இடம்) கறுத்து, மென்மையாகி, விரிசல் விட்டிருக்கிறது. ஏன்?

பதில்: எண்ணெய் போதாமல் அல்ல, மிஞ்சிப்போய். எஃகுக்குத் தாராளமாக எண்ணெய் விட்டு, குழல்வாய் மேலே பார்க்க நிறுத்தி வைத்தால் அத்தனையும் மெல்ல வழிந்து கழுத்தில் ஊறும். நாள்பட்டால் மரம் வலுவிழந்து உதைப்பில் பிளக்கும். பிரித்து, சுண்ணாம்புக்கல் பொடியை அசிட்டோனில் குழைத்து அப்புங்கள். பொடி பழுப்பானால் மாற்றுங்கள். பக்கத்தில் நெருப்பு கூடாது. எண்ணெய் முழுக்க வெளியேறியபின் விரிசலில் எபாக்சி பசை விடலாம், அதற்கு முன் விட்டால் ஒட்டாது. இனிமேல் எண்ணெயிட்டபின் ஒரு நாளாவது குழல்வாயைக் கீழ்நோக்கி வையுங்கள்.