பொறியாளர் சங்கத் தேர்வு பி.இ. பட்டத்துக்குச் சமமா? குடியாத்தம் வாசகருக்குப் பதில்

குடியாத்தத்தில் தறி வைத்திருக்கும் ஒரு வாசகர் எழுதியிருக்கிறார். அவருடைய மகன் மெக்கானிக்கல் டிப்ளமா முடித்துவிட்டு ராணிப்பேட்டை சிப்காட்டில் ஒரு தொழிற்சாலையில் பராமரிப்புப் பிரிவில் வேலை பார்க்கிறார். காட்பாடியில் பயிற்சி மையம் நடத்தும் ஒருவர், "பொறியாளர் சங்கத்தில் சேர்த்து ஏ.எம்.ஐ.இ. தேர்வை ஒன்றரை ஆண்டில் முடித்துக் கொடுக்கிறோம், அது பி.இ.க்குச் சமம், அரசு வேலைக்கும் செல்லும்" என்று சொல்லி 75,000 ரூபாய் கேட்டு, 10,000 ரூபாய் முன்பணமும் வாங்கிவிட்டாராம். அதே மையத்தின் வழியாக மகனுக்கு "இளம் பொறியாளர் விருது" கிடைத்திருப்பதாகக் கடிதம் வந்திருக்கிறது. விழாவுக்குப் பதிவுக் கட்டணம் தனி. வாசகரின் மைத்துனர் 2011இல் இதே சங்கத்தில் சேர்ந்து முதல் பகுதியை மட்டும் முடித்துவிட்டு நிறுத்தியவர் என்பதால், வீட்டில் எல்லோருக்கும் இது தெரிந்த வழியாகவே படுகிறது. மீதிப் பணத்தைக் கட்டலாமா என்பதே கேள்வி.

கட்ட வேண்டாம். உங்கள் மகன் இன்று புதிதாகச் சேர்ந்து அந்தத் தேர்வை முழுவதும் எழுதித் தேறினாலும், அரசு வேலைக்கு அது பி.இ. பட்டத்துக்கு ஈடாக நிற்கும் என்று நம்பிப் பணம் போடுவதற்கு இடமில்லை. காரணத்தைக் கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள், ஏனென்றால் அந்த மையத்துக்காரர் சொல்வதில் பாதி உண்மை. அந்தப் பாதியை வைத்துத்தான் இந்த வியாபாரமே நடக்கிறது.

இன்ஸ்டிடியூஷன் ஆஃப் இன்ஜினியர்ஸ் என்ற இந்தச் சங்கம் 1920இல் நம் சென்னையில்தான் பதிவு செய்யப்பட்டது. 1935இல் அரச சாசனம் பெற்றது. தலைமையகம் கொல்கத்தாவில் இருக்கிறது. கல்லூரிக்குப் போக வசதியில்லாமல், பட்டறையிலும் பணியிடத்திலும் வேலை பார்த்துக்கொண்டே படித்தவர்களுக்காக அது ‘ஏ’, ‘பி’ என்று இரண்டு பகுதிகளாகத் தேர்வு நடத்தியது. பல்கலைக்கழகப் பட்டம் கொடுக்கும் உரிமை அதற்கு இல்லை. 1956ஆம் ஆண்டுப் பல்கலைக்கழக மானியக் குழுச் சட்டத்தின்படி அந்த உரிமை பல்கலைக்கழகங்களுக்கும் சட்டம் அனுமதித்த அதுபோன்ற நிறுவனங்களுக்கும் மட்டுமே உண்டு. சங்கம் கொடுத்தது தேர்ச்சிச் சான்று. அந்தச் சான்றைப் பட்டத்துக்குச் சமமாக எடுத்துக்கொள்ளலாம் என்று சொன்னது மத்திய அரசு. ஆக, சமம் என்பது தேர்வோடு கூடப் பிறந்த குணமன்று. அரசு ஆணையால் வந்தது. ஆணையால் வந்ததை இன்னோர் ஆணை எடுத்துவிட முடியும், அப்படியே எடுத்தும்விட்டது.

2012 டிசம்பரில் மத்திய மனிதவள மேம்பாட்டுத் துறை பிறப்பித்த ஆணையின்படி, நிரந்தர அங்கீகாரம் பெற்றிருந்த இத்தகைய சங்கங்களில் 2013 மே 31 வரை சேர்ந்தவர்கள் மட்டுமே மத்திய அரசு வேலைகளில் சமநிலைக்குப் பரிசீலிக்கப்படத் தகுதியானவர்கள். ஏ.ஐ.சி.டி.இ. எனப்படும் அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் குழுவும் 2017இல் அதே தேதியை வைத்தே அறிவிப்பு வெளியிட்டது. அதற்குப் பிறகு சேர்ந்தவர் எத்தனை மதிப்பெண் வாங்கினாலும் இந்தக் கோட்டுக்கு வெளியேதான் நிற்பார். உங்கள் மகன் அப்போது பள்ளிச் சிறுவனாக இருந்திருப்பார்.

உங்கள் மைத்துனர் விஷயம் வேறு. இதைச் சற்று விரிவாகச் சொல்ல விரும்புகிறேன், ஏனென்றால் இவரைப் போன்றவர்கள் வடஆற்காட்டில் நிறையப் பேர் இருக்கிறார்கள். எல்லாம் முடிந்துபோய்விட்டது என்று எண்ணிப் பழைய தாள்களை எடைக்குப் போட்டவர்களையும் நான் பார்த்திருக்கிறேன். ஆணை கணக்கில் எடுப்பது தேறிய தேதியை அல்ல, சேர்ந்த தேதியை. 2011இல் சேர்ந்த ஒருவர் 2016இல் தேறினாலும் அவர் கோட்டுக்கு உள்ளேதான் இருக்கிறார். ஆனால் அவர் எந்தத் தேதியில் சேர்ந்தார் என்பதைக் காட்டுவது அவர் நினைவோ, கட்டணம் கட்டிய வங்கிச் சீட்டோ, பயிற்சி மையத்தின் அடையாள அட்டையோ அல்ல. சங்கம் கொடுத்த உறுப்பினர் எண்ணும், அதில் பதிந்துள்ள தேதியும்தான். அந்தக் கடிதத்தை முதலில் தேடி எடுக்கச் சொல்லுங்கள். அவருடைய உறுப்பினர் பதிவு இப்போதும் உயிரோடு இருக்கிறதா, பாதியில் விட்ட தேர்வைத் தொடர இடம் உண்டா என்று அந்த எண்ணைக் குறிப்பிட்டுச் சங்கத்துக்கே அவர் நேரடியாக எழுத வேண்டும். சென்னையில் சுவாமி சிவானந்தா சாலையில் அதன் மாநில மையம் இருக்கிறது. காட்பாடியில் ரயில் ஏறினால் காலையில் போய் மாலையில் திரும்பிவிடலாம். பதிவு காலாவதியாகி, "புதிதாகச் சேர்ந்துகொள்ளுங்கள், பழைய தேர்ச்சியை அதில் சேர்த்துக்கொள்ளலாம்" என்று யாராவது சொன்னால், புதிய சேர்க்கைக்குப் புதிய தேதி வந்துவிடும் என்பதை மறக்கக் கூடாது. அந்த ஒரு கையெழுத்தில் 2011 என்பது போய்விடும். எழுத்தில் பதில் வாங்காமல் அவர் எந்தப் படிவத்தையும் நிரப்ப வேண்டாம்.

இவ்வளவு நேரான விஷயத்தை மக்களுக்குப் புரியும்படி ஒரு வரியில் சொல்ல அரசுக்கு மனம் வரவில்லை என்பது எனக்குத் தீராத வருத்தம். ஆணையில் உள்ள சொல் "தகுதி" அல்ல, "பரிசீலனைக்குத் தகுதி". யார் பரிசீலிப்பது, எப்போது, எந்த அலுவலகத்தில் என்று கேட்டால் ஒருவர் இன்னொருவரைக் கைகாட்டுகிறார். மாநிலத் தேர்வாணையத்தின் பொறியாளர் பணி அறிவிக்கைகளில் சங்கத்தின் ‘ஏ’, ‘பி’ பகுதித் தேர்ச்சி ஒரு கல்வித் தகுதியாக இடம்பெற்று வந்திருக்கிறது. மையத்துக்காரர் அந்தப் பக்கத்தைத்தான் நகலெடுத்து, அந்த வரியை மஞ்சள் மையால் குறித்து, சட்டகம் போட்டுச் சுவரில் மாட்டியிருப்பார். எந்த ஆண்டு வரை சேர்ந்தவர்களுக்கு அது செல்லும் என்று அந்த வரிக்குப் பக்கத்தில் யாரும் எழுதவில்லை. ஆற்காட்டுப் பக்கத்து இளைஞர் ஒருவர் மூன்று ஆண்டு உழைத்துத் தேறிவிட்டு, சான்றிதழ் சரிபார்ப்பு மேசையில்தான் "நீங்கள் சேர்ந்த ஆண்டு 2014 ஆயிற்றே" என்ற சொல்லை முதன்முதலாகக் கேட்டார். பணம் வாங்கிய மையம் அதற்குள் வேறு பெயரில், வேறு தெருவில் நடந்துகொண்டிருந்தது.

இந்தத் தரகர்கள் பயன்படுத்தும் இன்னொரு குழப்பம் நம் மொழியிலேயே இருக்கிறது. டிப்ளமாவுக்கும் தமிழில் பட்டயம் என்கிறோம். சங்கம் அனுபவமுள்ள பொறியாளர்களுக்குக் கொடுக்கும் "சார்ட்டர்டு இன்ஜினியர்" என்ற தகுதியையும் பட்டயப் பொறியாளர் என்கிறோம். இரண்டுக்கும் தொடர்பில்லை. ஆம்பூரிலும் ராணிப்பேட்டையிலும் தோல் தொழிற்சாலைகள் வெளிநாட்டிலிருந்து பழைய இயந்திரம் இறக்கும்போது சுங்கத் துறைக்குக் காட்டும் மதிப்பீட்டுச் சான்றில் கையெழுத்திடுகிறாரே, அவர் இரண்டாவது வகை. டிப்ளமா முடித்த பையனிடம், "உன்னிடம் பட்டயம் இருக்கிறது, நாங்கள் பட்டயப் பொறியாளர் ஆக்குகிறோம்" என்று சொல்லும்போது, கேட்கும் பெற்றோருக்கு அது ஒரே படிக்கட்டின் அடுத்த படியாகத் தோன்றிவிடுகிறது. ஏ.எம்.ஐ.இ. என்ற எழுத்துகளிலும் இதே சிக்கல் உண்டு. அது தேர்வின் பெயராக வழங்கினாலும், உண்மையில் அசோசியேட் உறுப்பினர் என்ற நிலையைக் குறிப்பது, கல்லூரியில் பி.இ. முடித்தவரும் விண்ணப்பித்து அந்த உறுப்பினராகலாம். பெயருக்குப் பின்னால் அந்த எழுத்துகளைப் போட்டுக்கொள்ளும் எல்லோரும் தேர்வு எழுதியவர்கள் அல்லர். ஆகவே மையத்தின் துண்டுப் பிரசுரத்தில் சிரித்துக்கொண்டிருக்கும் பெரிய அதிகாரியின் படத்துக்குக் கீழே அந்த எழுத்துகள் இருப்பது எதற்கும் சாட்சி ஆகாது.

விருதுக் கடிதத்தின் நகலையும் அனுப்பியிருக்கிறீர்கள். அதைப் பார்த்தேன். மேலே அசோகச் சின்னத்தைப் போலத் தோன்றும், ஆனால் அது அல்லாத ஒரு முத்திரை. பெயரில் "இந்திய" என்றும் "சர்வதேச" என்றும் இரண்டு சொற்கள். கீழே "அரசு பதிவு பெற்றது" என்று கொட்டை எழுத்தில் ஓர் எண். அந்த எண் சார்பதிவாளர் அலுவலகத்தில் ஓர் அறக்கட்டளையைப் பதிவு செய்த ஆவண எண். வீட்டுப் பத்திரத்துக்கும் அதே அலுவலகத்தில்தான் எண் கொடுக்கிறார்கள். அதனால் வீடு அரசு அங்கீகாரம் பெற்றதாகிவிடாது. உங்கள் மகன் எதற்காக அந்த விருதைப் பெறுகிறார், என்ன வடிவமைத்தார், எந்தக் கட்டுரை எழுதினார் என்று கடிதத்தில் ஒரு சொல் கூட இல்லை. கேடயம், சால்வை, புகைப்படம், இரண்டு பேருக்குச் சாப்பாடு ஆகியவற்றுக்கான தொகை மட்டும் துல்லியமாக இருக்கிறது.

உண்மையான சங்க விருது இப்படி வீடு தேடி வருவதில்லை. பொறியாளர் சங்கமும் இளம் பொறியாளர்களுக்கு விருது கொடுக்கிறது. அதற்கு வயது வரம்பு உண்டு, விண்ணப்பமோ பரிந்துரையோ முன்கூட்டியே போக வேண்டும், செய்த பணியை ஆவணங்களோடு காட்ட வேண்டும், குழு ஒன்று பார்த்துத் தேர்ந்தெடுக்கும். பொறியியல் கல்லூரி மாணவர்களின் செயல்திட்டத்துக்கு அதே சங்கம் நிதியுதவியும் அளிக்கிறது. 1987இல் தொடங்கப்பட்ட இந்தியத் தேசியப் பொறியியல் அகாதெமி, மாணவர்களின் புதுமையான செயல்திட்டங்களுக்குப் பரிசு வழங்குகிறது. இவற்றுக்கெல்லாம் வாசல் கல்லூரிதான், தரகர் அல்லர். மகன் நாளை ஒரு கல்லூரியில் சேர்ந்தால், அங்கே சங்கத்தின் மாணவர் கிளை இருக்கிறதா என்று முதல் மாதமே கேட்கச் சொல்லுங்கள். இப்போது வந்திருக்கும் கடிதத்துக்குப் பதில் எழுதவே வேண்டாம்.

அப்படியானால் மகனுக்கு வழி என்ன? நேர் வழி, டிப்ளமா முடித்தவர்களை பி.இ. இரண்டாம் ஆண்டில் நேரடியாகச் சேர்க்கும் கலந்தாய்வு. தமிழகத்தில் பல ஆண்டுகளாக நடந்து வருவது அது. மூன்று ஆண்டில் பல்கலைக்கழகப் பட்டம் கையில் இருக்கும். அதன் தகுதியைப் பற்றி எந்த மேசையிலும் யாரும் கேள்வி எழுப்ப முடியாது. மூன்று ஆண்டு சம்பளம் நின்றுவிடுமே என்ற உங்கள் கவலை நியாயமானது. வேலையை விட முடியாதென்றால், வேலையில் இருப்பவர்களுக்கென மாலையில் நடக்கும் பகுதிநேர பி.இ. வகுப்புகளைப் பற்றி விசாரியுங்கள். பாகாயத்தில் உள்ள தந்தை பெரியார் அரசு தொழில்நுட்பக் கல்லூரிக்கு மகனையே ஒரு நாள் நேரில் அனுப்பி, இந்த ஆண்டு எந்தப் பிரிவில், எத்தனை ஆண்டு அனுபவம் கேட்கிறார்கள் என்று அலுவலகத்தில் விசாரித்து வரச் சொல்லுங்கள். தொலைபேசியில் கேட்டால் இந்தத் தகவல் ஒழுங்காக வராது.

நீங்கள் மறுத்தவுடன் அந்த மையத்துக்காரர் அடுத்ததாகச் சொல்லப்போவதையும் இப்போதே எழுதிவிடுகிறேன். "சரி, அஞ்சல் வழியில் பி.இ. வாங்கித் தருகிறேன், வெளிமாநிலப் பல்கலைக்கழகம், வகுப்புக்கே போக வேண்டாம்" என்பார். ஏ.ஐ.சி.டி.இ. ஒப்புதல் இல்லாமல் நிகர்நிலைப் பல்கலைக்கழகங்கள் சில அப்படிக் கொடுத்த பொறியியல் பட்டங்களின் மேல் 2017 நவம்பர் 3ஆம் தேதி உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்து, பலருடைய பட்டங்கள் செல்லாமல் போயின. அந்தப் பட்டத்தை வைத்துப் பதவி உயர்வு பெற்றிருந்தவர்கள்கூடத் தப்பவில்லை.

கட்டிய 10,000 ரூபாயைத் திரும்பக் கேளுங்கள். தொலைபேசியில் அல்ல, விரைவுத் தபாலில் (ஸ்பீட் போஸ்ட்). "இன்று சேர்பவருக்கு இந்தத் தேர்வு அரசு வேலைக்கு பி.இ.க்குச் சமம் என்று சொல்லும் அரசாணையின் எண்ணையும் தேதியையும் பதினைந்து நாளுக்குள் எழுத்தில் தாருங்கள், இல்லையேல் முன்பணத்தைத் திருப்புங்கள்" என்ற இரண்டு வரி போதும். அவர் கையில் சேர்ந்ததற்குச் சான்று கிடைக்கும்படி அனுப்பி, முன்பண ரசீதின் நகலையும் விருதுக் கடிதத்தையும் நீங்கள் அனுப்பிய கடிதத்தின் நகலோடு சேர்த்து வைத்திருங்கள். பதில் வராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் புகார் எழுத அந்த மூன்று தாள்களும் வேண்டும். மகனின் மூலச் சான்றிதழ்கள் எதையாவது "சரிபார்ப்புக்கு" என்று அவர் வாங்கி வைத்திருந்தால், பணத்தைப் பற்றிப் பேசுவதற்கு முன்னால் அவற்றை வீட்டுக்குக் கொண்டு வந்துவிடுங்கள். டிப்ளமா மதிப்பெண் பட்டியல் இல்லாமல் கலந்தாய்வில் நிற்க முடியாது.