ஃபிட்டர் அப்ரண்டிஸ்ஷிப்: நாலு வருடக் கணக்கா, கைவேலைக் கணக்கா?

கேள்வி: என் தம்பி மெல்பர்னில் மெக்கானிக்கல் ஃபிட்டர் அப்ரண்டிஸாகச் சேர்ந்து ஒன்றரை வருடம் ஆகிறது. நாலு வருடம் முடித்தே ஆக வேண்டும் என்று பட்டறையில் சொல்கிறார்களாம். வேலை தெரிந்துவிட்டால் முன்னாடியே மேலே போகலாம் என்று டேஃபில் (அரசுத் தொழிற்கல்லூரியில்) சொல்கிறார்களாம். எது சரி?

நான் டாண்டினாங் பக்கம் ஒரு பராமரிப்புப் பட்டறையில் லீடிங் ஹேண்டாக, அதாவது ஒரு குழுவுக்கு மூத்த தொழிலாளியாக, இருக்கிறேன். அப்ரண்டிஸ் பிள்ளைகளுக்கு ‘இந்த வேலை இவருக்குத் தெரியும்’ என்று கையெழுத்துப் போடும் ஆட்களில் நானும் ஒருவன். அந்தப் பக்கத்திலிருந்து எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

டேஃபில் சொன்னதுதான் சரி. ஒப்பந்தத்தில் 48 மாதம் என்று போட்டிருப்பது ஒரு உத்தேசக் காலம். 1980-களின் கடைசியில் இங்கே உலோகத் தொழிலின் சம்பளப் படிகளைத் திருத்தி அமைத்தபோதே, எத்தனை வருடம் இருந்தான் என்பதைவிட என்ன செய்யத் தெரியும் என்பதைப் பார்க்க வேண்டும் என்ற பேச்சு தொடங்கிவிட்டது. 2006-ல் மத்திய அரசும் மாநில அரசுகளும் சேர்ந்து, வேலை தெரிந்துவிட்ட அப்ரண்டிஸை நாள் கணக்குக்காகக் காக்க வைக்கக் கூடாது என்று ஒத்துக்கொண்டன. ஆனால் பட்டறைகளில் பழைய பேச்சு போகவில்லை. இன்றைக்கும் ‘செகண்ட் இயர்’, ‘தேர்ட் இயர்’ என்றுதான் கூப்பிடுகிறோம். உங்கள் தம்பிக்குக் குழப்பம் வந்தது அதனால்தான்.

சம்பளம் எப்படி ஏறுகிறது என்பதை முதலில் பாருங்கள். பயிற்சியில் ஒவ்வொரு பாடப்பிரிவுக்கும் புள்ளி உண்டு. கைக்கருவிகளுக்கு 2, வரைபடம் படிப்பதற்கு 4, அளவெடுப்பதற்கு 5, பொது மெஷினிங்குக்கு 8 என்று, கற்க வேண்டியது எவ்வளவோ அதற்குத் தக்கபடி. உற்பத்தித் துறை அவார்டின்படி, அதாவது அந்தத் துறைக்கான குறைந்தபட்சச் சம்பள விதிகளின்படி, அப்ரண்டிஸுக்கு நாலு படிகள். மொத்தப் புள்ளியில் 25 சதவீதம் சேர்ந்தால் இரண்டாம் படி, 50-ல் மூன்றாவது, 75-ல் நாலாவது. புள்ளி சேராவிட்டாலும் ஒரு படியில் 12 மாதம் முடிந்தால் அடுத்த படி. இரண்டில் எது முதலில் வருகிறதோ அதுதான் கணக்கு. சி10 என்று சொல்லும் முழுத் தொழிலாளியின் சம்பளத்தில் மூன்றாம் படிக்கு 75 சதவீதம், நாலாம் படிக்கு 88. இரண்டாம் படியில் பன்னிரண்டாவது முடித்தவருக்கு 65, முடிக்காதவருக்கு 60. இருபத்தொரு வயதிலோ அதற்கு மேலோ சேர்ந்தவர்களுக்குத் தனி விகிதம். கம்பெனியில் தனி ஒப்பந்தம் இருந்தால் இதைவிடக் கூடுதலாகவும் வரலாம்.

ஆக, உங்கள் தம்பிக்கு இந்த ஒன்றரை வருடத்தில் பாதிப் புள்ளி சேர்ந்திருந்தால் அவருக்கு மூன்றாம் படிச் சம்பளம் வர வேண்டும். இரண்டாம் வருடம் முடியட்டும் என்று சொல்ல யாருக்கும் உரிமை இல்லை.

சம்பளப் படி வேறு, பயிற்சி முடிவது வேறு. எல்லாப் பிரிவிலும் தேர்ந்துவிட்டார் என்று பயிற்சி நிறுவனம் சான்றிதழ் தர வேண்டும். தனியாக நின்று வேலை செய்கிறார் என்று முதலாளி தரப்பும் ஒத்துக்கொள்ள வேண்டும். இரண்டும் நடந்தால் நாலு வருடத்துக்கு முன்னாடியே முடிக்கலாம். அந்த ‘ஒத்துக்கொள்வது’ எப்படி நடக்கிறது என்பதில்தான் இந்த முறையின் உயிரே இருக்கிறது. எங்கள் பட்டறையில் நடந்த ஒன்றைச் சொல்கிறேன்.

பத்தொன்பது வயதுப் பெண், இரண்டாம் படியில் இருந்தாள். பம்ப் ஷாஃப்ட் ஒன்றில் பேரிங் உட்காரும் இடம் தேய்ந்திருந்தது. மெட்டல் ஸ்பிரே செய்து ஏற்றி, லேத்தில் கடைந்து 50 மில்லிமீட்டருக்குக் கொண்டுவர வேண்டும். பேரிங் இறுக்கமாக உட்கார வரைபடத்தில் போட்டிருந்த ஃபிட் கே5, அதாவது அளவு 50.002-க்கும் 50.013-க்கும் நடுவில் நிற்க வேண்டும். மொத்தமே 11 மைக்ரான்தான் (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் 11 பங்கு) இடம். அவள் 50 முதல் 75 மில்லிமீட்டர் வரை அளக்கும் மைக்ரோமீட்டர் கருவியை எடுத்தாள், 50 மில்லிமீட்டர் ஸ்டாண்டர்டை வைத்து ஜீரோ பார்த்தாள். மூன்று இடத்தில், ஒவ்வொரு இடத்திலும் தொண்ணூறு டிகிரி திருப்பி இரண்டு முறை அளந்தாள். 50.010. முறையாகத்தான் செய்தாள். அளவெடுக்கும் பாடத்தில் ஏற்கெனவே டேஃபில் தேறியிருந்தாள். பட்டறையில் நான் போட வேண்டிய கையெழுத்து மட்டும் பாக்கி. ‘இதை வைத்துப் போட்டுவிடலாமா?’ என்று கேட்டாள்.

ஷாஃப்டைத் தொட்டுப் பார்த்தேன். கடைசிக் கடைசலும் எமரியும் போட்ட சூடு அப்படியே இருந்தது. ‘டீ குடித்துவிட்டு வந்து, ஒரு மணி நேரம் கழித்து இன்னொரு தடவை அள’ என்று மட்டும் சொன்னேன். திரும்ப அளந்தபோது 49.999. ஐம்பது மில்லிமீட்டர் எஃகு இருபது டிகிரி ஆறினால் கிட்டத்தட்ட 12 மைக்ரான் சுருங்கும். இருந்த இடம் 11. அந்த அளவில் பேரிங்கை ஏற்றியிருந்தால் உள்வளையம் ஷாஃப்டின் மேல் மெல்ல வழுக்கிச் சுற்ற ஆரம்பித்து இடம் மறுபடியும் தேய்ந்திருக்கும்.

டேஃபில் அவளைத் தேற்றியவர் தப்புச் செய்யவில்லை. அளவெடுக்கும் அறையை 20 டிகிரியில்தான் வைத்திருப்பார்கள், அங்கே வைக்கிற பீஸும் 20 டிகிரியில்தான் இருக்கும். லேத்திலிருந்து இறங்கும் ஷாஃப்ட் அப்படி இருக்காது. அதனால்தான் ஒரு முறை, ஒரு இடத்தில் செய்து காட்டினால் போதாது, வெவ்வேறு சூழலில் திரும்பத் திரும்பச் சரியாக வர வேண்டும் என்று இந்தத் தேர்ச்சி முறை கேட்கிறது. அன்றைக்கு நான் கையெழுத்துப் போடவில்லை.

ஆனால் அந்த 5 புள்ளி அவளுடைய சம்பளம். நான் நிறுத்தி வைக்கும் ஒவ்வொரு வாரமும் அவள் கையை விட்டுப் போகும் பணம். அதனால் அடுத்த ஆறு வாரத்தில் வந்த ஷாஃப்ட் வேலைகளில் மூன்றை அவளிடமே கொடுத்தேன். மூன்றிலும் ஷாஃப்டின் சூட்டையும் குறித்து வைத்தாள், ஆறிய பிறகே கடைசி அளவு எடுத்தாள். மூன்றாவது முடிந்த அன்றைக்கே போட்டேன். கையெழுத்தை நிறுத்தி வைக்கிறவன் அதைச் சம்பாதிப்பதற்கான வேலையையும் கொடுக்க வேண்டும். இந்தக் கடமையைப் பல பட்டறைகள் மறந்துவிடுகின்றன. எனக்கு இதில் உள்ளபடியே கோபம் உண்டு.

முன்னால் நான் இருந்த இடத்தில் ஒரு பையனைப் பதினாலு மாதம் பேண்ட் ஸாவிலேயே நிறுத்தி வைத்திருந்தார்கள். இரும்பை வெட்டுவான், அடுக்குவான். தேர்ச்சியைக் குறிக்கும் புத்தகத்தில் அவன் பக்கம் காலியாகவே இருந்தது. ‘இன்னும் தேறவில்லை’ என்றார்கள். தேறுவதற்கு ஒரு கியர்பாக்ஸையாவது அவன் கையில் கொடுத்தார்களா? 12 மாத விதி அவன் சம்பளத்தைக் காப்பாற்றியது. தொழிலைக் காப்பாற்றவில்லை. நாலு வருடம் கழித்து, கப்ளிங் அலைன்மென்ட் பார்க்க டயல் கேஜை எங்கே வைப்பது என்று அவன் என்னிடம் வந்து கேட்டான். நேர் எதிராகவும் பார்த்திருக்கிறேன். பயிற்சி நிறுவனத்திலிருந்து வந்த ஒருவர், ஒரே மதியத்தில் ஒன்பது பிரிவுகளுக்கு டிக் போட்டுவிட்டுப் போனார். பட்டறைத் தளத்துக்குள் கால் வைக்கவே இல்லை.

இவ்வளவு இருந்தும் இந்தத் தேர்ச்சி முறையின் பக்கம்தான் நிற்கிறேன். அதற்குக் காரணம் என் சொந்த அனுபவம். கோயம்புத்தூரில் இரண்டு வருடம் ஐடிஐ ஃபிட்டர், பிறகு பீளமேட்டுப் பட்டறைகளில் பத்து வருடம். இங்கே வந்து முன் அனுபவத்தை மதிப்பிடும் வழியில் சான்றிதழ் வாங்கப் போனேன். பத்து வருடம் என்றதை அங்கிருந்த அசெஸர் (மதிப்பிடுபவர்) குறித்துக்கொள்ளக்கூட இல்லை. ஒரு பம்பைக் கழற்றிப் பூட்டச் சொன்னார், பக்கத்தில் நின்று பார்த்தார், கேள்வி கேட்டார். பெரும்பாலான பிரிவுகளை அந்த வாரத்திலேயே ஒத்துக்கொண்டார்.

வரைபடத்தில் நின்றுவிட்டேன். நம் ஊரில் படித்தது ஃபர்ஸ்ட் ஆங்கிள். இங்கே தேர்ட் ஆங்கிள். நம் ஊரில் இடது பக்கத்திலிருந்து பார்த்த தோற்றத்தை வலது பக்கம் வரைவார்கள், இங்கே இடது பக்கமே வரைவார்கள். அவர் கொடுத்த பிராக்கெட்டில் துளையை மறு பக்கத்தில் போட்டுவிட்டேன். வருடக் கணக்கை மட்டும் பார்த்திருந்தால் இந்தக் குறை யார் கண்ணிலும் பட்டிருக்காது, முதல் பெரிய வேலையில் வெடித்திருக்கும். அதே நேரம், தெரிந்த வேலைகளுக்காக என்னை மறுபடியும் நாலு வருடம் உட்கார வைக்கவும் இல்லை. அந்த ஒரு பாடத்தை மட்டும் சில வாரம் மாலை வகுப்பில் படித்து முடித்தேன்.

உங்கள் தம்பி செய்ய வேண்டியது என்ன? முதலில் தன்னுடைய டிரெய்னிங் பிளானின் பிரதியைக் கேட்டு வாங்கட்டும். அது அவர் உரிமை. அதில் மொத்தப் புள்ளி எவ்வளவு, தேறியது எவ்வளவு என்று கூட்டிப் பார்த்து, சம்பளச் சீட்டில் எந்தப் படி போட்டிருக்கிறது என்று ஒத்துப் பார்க்கட்டும்.

அடுத்து, ஒரு நோட்டு. தேதி, என்ன வேலை, எந்த மெஷின், எடுத்த அளவு, யார் பார்த்தார்கள், எங்கே தப்பியது, எப்படிச் சரி செய்தார். தப்பியதை மறைக்காமல் எழுதச் சொல்லுங்கள். சான்று அந்தப் பிரிவுக்குப் பொருந்துவதாக, போதுமானதாக, அவருடையதாக, அண்மைக்காலத்தியதாக இருக்கிறதா என்றுதான் அசெஸர் பார்க்க வேண்டும். நாள்தோறும் எழுதிய எண்ணெய்க் கறை படிந்த நோட்டு அந்த நாலுக்கும் பதில் சொல்லும். எங்கள் பட்டறைப் பெண்ணிடம் இப்போது அப்படி மூன்று நோட்டுகள் இருக்கின்றன.

பிளானில் காலியாக இருக்கும் பிரிவுகளைப் பார்த்து, ‘இந்த வேலை எனக்கு இன்னும் வரவில்லை, எப்போது தருவீர்கள்?’ என்று சூப்பர்வைசரிடம் மரியாதையாக, ஆனால் நேராகக் கேட்கட்டும். வாயால் ஒரு முறை, பதில் வராவிட்டால் மின்னஞ்சலில் ஒரு முறை. சீக்கிரம் முடிக்கிற ஆசையில், சரியாக வராத வேலைக்கு மட்டும் கையெழுத்துக் கேட்க வேண்டாம். பிறகு அவரை நம்பித்தான் இன்னொருவர் அந்த மெஷினை ஓட்டப்போகிறார்.

பாதிப் புள்ளி தாண்டியும் சம்பளம் ஏறாமல் இருந்தால் வேலை, சம்பளப் புகார்களைப் பார்க்கும் அரசு அலுவலகமான ஃபேர் ஒர்க் ஆம்பட்ஸ்மனை 13 13 94-ல் கூப்பிடலாம். ஆங்கிலத்தில் பேசத் தயக்கமாக இருந்தால் அரசின் மொழிபெயர்ப்புச் சேவையை 131 450-ல் கூப்பிட்டுத் தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று கேட்கச் சொல்லுங்கள். அவர்களே ஃபேர் ஒர்க்கோடு இணைத்துவிடுவார்கள்.