துரை பங்களாத் தோணி

அன்பின் ஐயா,
என் தாத்தா நுவரெலியாப் பக்கத் தோட்டமொன்றில் துரை பங்களாவில் சமையல் பார்க்கும் அப்புவாக இருந்தவர். 1975இல் தோட்டத்தை அரசாங்கம் எடுத்தபோது, துரை விட்டுப்போன சாமான்களில் நாலடி நீளத் தோணி ஒன்று அவருக்குக் கிடைத்தது. குசினியில் அடுப்புக்கு மேலே வைத்திருக்கிறோம். பழைய அமெரிக்கக் காட்சித் தோணியாக இருந்தால் நல்ல விலை போகும் என்கிறார் மச்சான். வார்னிஷ் அடித்து விற்கலாமா?
ரா., ஹட்டன்

அன்பின் ரா.,
வார்னிஷ் டப்பாவைத் திறக்காதீர்கள். மச்சானின் கணக்கை அப்புறம் பார்ப்போம்.

ஒரு பக்கம் மிதவைக் கட்டையோ அதைக் கட்டிய அடையாளமோ இருந்து, பலகைகளைக் கயிற்றால் தைத்திருந்தால் அது நம் கரையோர வள்ளத்தின் மாதிரி. அதுவும் அழகுதான், ஆனால் மச்சான் சொல்கிற சரக்கு இல்லை.

அமெரிக்காவில் மேய்ன் மாநிலத்து ஓல்ட் டவுன் கம்பெனி, கனூ என்கிற பதினாறு பதினேழு அடித் துடுப்புத் தோணியைக் கடைக் கண்ணாடிக்குள் நிறுத்த முடியாததால், போன நூற்றாண்டின் தொடக்கத்தில் நாலடியிலும் எட்டடியிலும் குட்டிகள் செய்தது. பெரியதற்கான அதே வேலைதான்: வளைத்த சீடர் மர விலாக்கள், மேலே மெல்லிய பலகை, அதன்மேல் இழுத்து அடித்த கன்வஸ், பெயின்ட். டார்ச்சை உள்ளே அடித்து ஒரு விலாவை விரலால் தடவுங்கள். அசலென்றால், பலகையைப் பிடிக்கும் குட்டி ஆணிகளின் நுனி மடங்கி மரத்துக்குள் புதைந்திருக்கும். முனையில் கம்பெனிப் பெயர் ஒட்டியிருந்தால் அதை மட்டும் நம்பாதீர்கள். பெயரை யாரும் ஒட்டலாம், ஆணியை அப்படி மடக்குவது லேசில்லை. மேய்னிலிருந்து நுவரெலியாவுக்கு அது எப்படி வந்திருக்கும் என்ற சந்தேகம் எனக்கு இருக்கிறது. தாத்தா இருந்தால் எந்தத் துரை, எந்த வருஷம் என்று கேட்டு எழுதி வையுங்கள். வாங்குகிறவர் முதலில் கேட்பதே அதைத்தான்.

பழைய பெயின்ட் வெடித்திருந்தாலும் இருக்கட்டும், மதிப்பே அதில்தான். சாண்ட் பேப்பர் போடவே வேண்டாம். அந்தக் காலத்துப் பெயின்டிலும் கன்வஸில் தேய்த்த பூச்சிலும் ஈயம் இருக்கலாம், வீட்டில் பிள்ளைகள் இருப்பார்கள். மெல்லிய தூரிகையால் தூசி தட்டினால் போதும்.

அடுப்புக்கு மேலிருந்து இன்றைக்கே இறக்குங்கள். விறகுச் சூட்டில் காய்ந்து, மழை மாதத்தில் ஈரம் குடித்து, திரும்பக் காய்ந்தால் மரம் சுருங்கி விரிந்து துணியைப் பிளந்துவிடும். முன்னறையில், ஈரம் கசியும் வெளிச்சுவரை விட்டுத் தள்ளி, துணி சுற்றிய இரண்டு கட்டைகள் மேல் வையுங்கள். கயிற்றில் தொங்கவிட வேண்டாம். அடியில் புதிதாக மரத்தூள் உதிர்ந்தால் பூச்சி இருக்கிறது என்று அர்த்தம். உடனே எழுதுங்கள்.

உட்புறம், இரண்டு முனை, ஆணி எல்லாவற்றையும் பகல் வெளிச்சத்தில் படமெடுத்து அனுப்புங்கள். அதற்குள் விலை பேச யாராவது வந்தால் படத்தைக் காட்டுங்கள், தோணியைக் கொடுத்தனுப்ப வேண்டாம்.